என் கணினியில் ஓடியது, சர்வரில் ஏன் ஓடவில்லை?

அக்கா மகன் கட்டிய முதல் இணையதளம் அது. மதுரையில் விளக்குத்தூண் பக்கம் அத்தான் வைத்திருக்கும் சுங்குடிச் சேலைக் கடைக்காகச் செய்தான். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்ததும், உலாவியில் தெரிந்த முகவரியை அப்படியே எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் கடையைத் திறந்து விளக்கேற்றிய கையோடு அத்தான் அதைத் தொட்டார். திறக்கவில்லை. ஐந்தாறு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மகனை எழுப்ப மனமில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

முகவரியைப் படிக்கச் சொன்னேன். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஆரம்பித்தது. சிரித்துவிட்டேன்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்தக் கணினியேதான்’ என்று பொருள். எண்ணாக எழுதினால் 127.0.0.1. எந்தக் கருவியில் அதைத் தட்டினாலும் அந்தக் கருவி தனக்குள்ளேயே தேடும், வெளியே எங்கும் போகாது. அத்தானின் போன் தன் வயிற்றுக்குள் ஒரு சேலைக் கடையைத் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறது. தளம் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

பிறகு மாதக் கட்டணத்துக்கு ஒரு சர்வரை, அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியை, எடுத்துக் கோப்புகளை எல்லாம் ஏற்றினான். மூன்றாம் நாள் மாலை சிம்மக்கல்லில் இருக்கும் என் அறைக்கு மடிக்கணினியோடு வந்து நின்றான். முகப்புப் பக்கம் வருகிறது, மற்ற பக்கங்கள் வரவில்லை. பாதிப் படங்களைக் காணவில்லை. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. “மாமா, என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது!” என்றான். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் எவரும் இருக்க முடியாது. நானும் சொல்லியிருக்கிறேன், அவனைவிடக் கோபமாக.

முதலில் ஒரு விளக்கம். வெப் சர்வர் என்பது ஒரு மென்பொருள். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அப்பாச்சி 1995 முதல் இருக்கிறது. எஞ்சின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது. பழகுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் எக்ஸாம்ப் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்கிறார்கள். அப்பாச்சி, மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் என்ற நிரல் மொழிகள் எல்லாம் ஒரே பொட்டலமாக அதில் வந்துவிடும். இரண்டு பொத்தானை அழுத்தினால் ஓடும். அந்த வசதியில்தான் சிக்கலும் இருக்கிறது. எக்ஸாம்ப் நமக்காக நூறு முடிவுகளைக் கேட்காமலே எடுத்து வைத்திருக்கிறது. வாடகை சர்வரை அமைத்தவர் அதே நூறு முடிவுகளை வேறு விதமாக எடுத்திருப்பார். நம் நிரல் அந்த முடிவுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது என்பது இடம் மாறிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

ஆகவே, வந்ததும் நிரலைத் திறந்து திருத்தத் தொடங்கிய மருமகனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டில் ஓடிய நிரல் அது. அதை இப்போது கிளறினால் இரண்டு இடத்திலும் ஓடாமல் போகும். இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் தேடுவோம் என்றேன்.

படங்களிலிருந்து ஆரம்பித்தோம், எளிது என்பதால். காணாமல் போனவை எல்லாம் கடையில் கேமராவில் எடுத்த படங்கள். போனில் எடுத்தவை சரியாகத் தெரிந்தன. கோப்புறையைத் திறந்து பெயர்களைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கேமரா தன் கோப்புகளுக்கு ‘ஜேபிஜி’ என்ற கடைசி மூன்று எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது. பையன் நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தான். அவன் மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ் இதைப் பொருட்படுத்தாது. பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, அதற்கு எல்லாம் ஒரே கோப்பு. வாடகை சர்வரில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அப்படி விட்டுக்கொடுக்காது. பெரிய எழுத்தில் ஒரு கோப்பு, சிறிய எழுத்தில் ஒரு கோப்பு என்று இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம்; இரண்டும் அதற்கு வெவ்வேறு ஆட்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் அட்டவணைப் பெயர்களும் லினக்ஸில் இதே கண்டிப்புக்குள் வரும். கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் மட்டும், இடைவெளி இல்லாமல் வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை எட்டிப் பார்க்காது.

இன்னும் சில படங்கள் வேறு காரணத்தால் வரவில்லை. அவற்றின் பாதையில் ‘சி’ டிரைவ், எக்ஸாம்ப் கோப்புறை என்று வீட்டு விலாசமே எழுதியிருந்தது. லினக்ஸில் சி டிரைவ் ஏது? பாதையைப் பற்றி அவனுக்குச் சொல்லப் புறப்பட்டபோது எனக்குக் கைகொடுத்தது நம் ஊர்தான். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு வெளிக்கோபுரங்கள். வெளியூர்க்காரர் ஒருவரிடம் “கோபுரத்தைப் பார்த்தபடி நின்று இடப்பக்கம் திரும்புங்கள்” என்று சொன்னால், கிழக்குக் கோபுரத்து வாசலில் நிற்பவர் தெற்கே போவார். மேற்குக் கோபுரத்து வாசலில் நிற்பவர் வடக்கே போவார். வழி சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் எங்கே நிற்கிறார் என்பது மாறிவிட்டது. நிரலில் ‘இங்கிருந்து ஒரு கோப்புறை மேலே போய்ப் படங்களுக்குள் நுழை’ என்று எழுதுவது இந்த வகை. ‘தெற்கு மாசி வீதி, இத்தனையாம் எண்’ என்பது போல முழு விலாசம் எழுதுவது இன்னொரு வகை. ஊர் மாறினால் அது செல்லாது. தளத்தின் வேர்க்கோப்புறை எது என்பதை ஒரே ஓர் இடத்தில் எழுதிவைத்து, மற்ற பாதைகளை எல்லாம் அதிலிருந்து கணக்கிடச் சொல்வதுதான் இரண்டுக்கும் நடுவில் நிம்மதியான வழி.

அடுத்தது, முகப்பு மட்டும் திறந்து உள்பக்கங்கள் 404 காட்டிய விவகாரம். இந்த அறிகுறியைப் பார்த்தவுடன் நான் ஒரு கோப்பைத்தான் சந்தேகிப்பேன். ‘எச்டிஆக்சஸ்’ என்று அதற்குப் பெயர். முன்னால் ஒரு புள்ளி உண்டு. அழகான சிறிய முகவரிகளை உள்ளே இருக்கும் உண்மையான நிரல் கோப்புக்குத் திருப்பிவிடும் விதிகள் அதில் இருக்கும். ‘சேலைகள்/மஞ்சள்’ என்று ஒரு முகவரி இருந்தால் அந்தப் பெயரில் சர்வரில் கோப்பு எதுவும் இருக்காது; அந்த விதிதான் கேட்டவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். விதி செத்தால் சர்வர் அந்தப் பெயரில் கோப்பைத் தேடும், கிடைக்காது, 404 என்று கைவிரிக்கும்.

கோப்பு சர்வருக்கு வந்து சேர்ந்திருந்தது. பிறகு ஏன் வேலை செய்யவில்லை? அந்தப் பிழைப் பக்கத்தின் அடியை உற்றுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘எஞ்சின்எக்ஸ்’ என்று இருந்தது. பையன் வீட்டில் ஓட்டியது அப்பாச்சி. வாடகைக்கு எடுத்தது எஞ்சின்எக்ஸ். எஞ்சின்எக்ஸ் எச்டிஆக்சஸ் கோப்பைப் படிக்கவே படிக்காது. பிழை என்றுகூடச் சொல்லாது. அப்படி ஒரு கோப்பு இருப்பதாகவே அதற்குத் தெரியாது. அதே விதியை எஞ்சின்எக்ஸின் மொழியில், அதன் சொந்த அமைப்புக் கோப்பில், ‘ட்ரை பைல்ஸ்’ என்ற வரியாக எழுத வேண்டும்: முதலில் இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் நிரலிடம் ஒப்படை.

சர்வர் அப்பாச்சியாகவே இருந்தாலும் இதே நோய் வரலாம். ‘அலௌ ஓவர்ரைட்’ என்ற அமைப்பு ‘நன்’ என்று இருந்தால் அப்பாச்சியும் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. ‘ரீரைட்’ என்ற துணைநிரலும் இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிழை எண்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோல அச்சுறுத்தினாலும் அவை வெவ்வேறு இடத்தைக் காட்டும். 404 என்றால் தேடினேன், இல்லை. 403 என்றால் இருக்கிறது, ஆனால் தர எனக்கு உரிமை இல்லை. 500 என்றால் நிரலை ஓட்டத் தொடங்கினேன், நடுவில் விழுந்துவிட்டது. 502 என்றால் வாசலில் நிற்கும் சர்வர் நலம், அதன் பின்னால் வேலை செய்ய வேண்டிய பிஎச்பியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. எந்த எண்ணுமே வராமல் உலாவி சுற்றிக்கொண்டே இருந்தால், கோரிக்கை சர்வரின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம்; வருபவற்றை வடிகட்டும் தடுப்புச் சுவரையும், கோரிக்கை நுழையும் வாசல்களான 80, 443 ஆகிய போர்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

403 பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இங்கேதான் ஆபத்தான வைத்தியம் நடக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்க உரிமை எண் உண்டு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்பது வழக்கம். கோப்புறையில் ‘இயக்குவது’ என்றால் அதற்குள் நுழைவது, ஆகவேதான் அந்த 1. எக்ஸாம்ப்போடு விண்டோஸில் பழகியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கண்ணில் பட்டே இருக்காது. சர்வரில் வெப் சர்வர் தனிப் பயனராக ஓடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அந்தப் பயனரின் பெயர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. கோப்பை ஏற்றியது நீங்கள், படிக்க வேண்டியது அவர். அவருக்கு வழி இல்லையென்றால் 403.

எல்லாவற்றுக்கும் 777 போட்டால் சரியாகிவிடும் என்று எவராவது சொல்வார்கள். சரியாகவும் ஆகிவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதும் வசதிதான்.

இனி, என்னை அதிக நேரம் உட்கார வைத்த தமிழ் எழுத்து. தளத்தில் ‘சுங்குடி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணச் சொன்னேன். எட்டு. நான்கு எழுத்துச் சொல்லுக்கு எட்டு எப்படி வந்தது என்று பையன் விழித்தான். யூனிகோடில் ‘சு’ என்பது சகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘ங்’ என்பது எழுத்தும் புள்ளியும். ‘கு’, ‘டி’ இரண்டும் அப்படியே. ஆக எட்டு. தரவுத்தளம் அந்த எட்டில் ஒவ்வொன்றையும் பார்த்து, எனக்கு இது தெரியாது என்று ஒரு கேள்விக்குறியாக மாற்றியிருக்கிறது.

காரணம், வீட்டில் தரவுத்தளம் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில், இருந்தது. சர்வரில் புதிதாக உருவாக்கியது ‘லத்தீன்1’ ஆக இருந்தது. மைஎஸ்க்யூஎல் 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூடிஎஃப்8எம்பி4ஐ இயல்பாக்கியது; அதற்கு முந்தைய பதிப்புகளில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1தான். அதில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு இடம் உண்டு, தமிழுக்கு இல்லை. கேள்விக்குறி சேமிக்கும்போதே விழுந்திருந்தால் பழைய எழுத்து போனது போனதுதான். மறுபடி ஏற்ற வேண்டும். படிக்கும்போது மட்டும் விழுகிறது என்றால் உள்ளே தரவு பத்திரமாக இருக்கும். நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் உள்ள இணைப்பின் குறியாக்கத்தைத் திருத்தினால் போதும்.

கேள்விக்குறிக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும் மாறி மாறி வருகிறதா? அது வேறு நோய். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாக எழுதப்படுகிறது. அந்த மூன்றில் முதல் பைட்டை லத்தீன்1 கண்ணாடி போட்டுப் பார்த்தால் அந்த ‘ஏ’ தெரியும்; இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்ட ‘ஆர்’. அதாவது தமிழ் அழியவில்லை, தப்பாகப் படிக்கப்படுகிறது. பெரும்பாலும் மீட்டுவிடலாம். தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு, பக்கத்தின் தலைப்பு ஆகிய நான்கு இடத்திலும் ஒரே குறியாக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் தளம் செய்கிற எவரும் ஒரு முறையாவது இந்த வழியில் நடந்தே தீர வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் செய்பவர்களுக்கு இந்த நோய் இருப்பதே பல ஆண்டுகள் தெரியாது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆர்டர் படிவத்தை அழுத்தியபோது வெள்ளைப் பக்கம் வந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. பையன் பயந்துபோனான்; எனக்கோ அது பழக்கமான முகம். வீட்டில் பிழைகளைத் திரையில் காட்டும்படி பிஎச்பி அமைக்கப்பட்டிருக்கும். பொதுவெளியில் அப்படிக் காட்டுவது திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுப்பது போல, ஆகவே சர்வரில் அதை அணைத்திருப்பார்கள். பிழை போய்விடவில்லை, லாக் என்ற பதிவேட்டில் எழுதப்படுகிறது. ‘டெயில்’ என்ற கட்டளையால் அதன் கடைசிச் சில வரிகளைப் பார்க்கலாம். கூடவே ‘எஃப்’ என்று சேர்த்தால் புதிய வரி விழ விழக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சாளரத்தில் லாக், இன்னொன்றில் உலாவி. பொத்தானை அழுத்தியதும் வரி வந்து விழுந்தது: ‘ஈச்’ என்ற கட்டளை எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்தது பிஎச்பி 7.4, சர்வரில் 8.2. 2020 நவம்பரில் வந்த 8.0இல் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். இரண்டு வரி மாற்றினோம். லாக்கைப் பார்த்திராவிட்டால் அன்றைய இரவு முழுக்க ஊகத்திலேயே போயிருக்கும்.

அமைப்பை மாற்றியும் ஒன்றும் மாறவில்லை என்று ஒரு கட்டம் எல்லோருக்கும் வரும். மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு, புதிய அமைப்பைப் படிக்கும்படி வெப் சர்வரை மறுபடி தொடங்கவில்லை. அல்லது உலாவி பழைய பக்கத்தையே நினைவிலிருந்து காட்டுகிறது. அல்லது வேறொரு கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதுதான் மானத்தை வாங்கும். உபுண்டுவில் கட்டளை வரிக்கு ஒரு பிஎச்பி அமைப்புக் கோப்பு, வெப் சர்வருக்கு வேறொன்று. நான் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் தவறான கோப்பைத் திருத்தியிருக்கிறேன். ‘பிஎச்பிஇன்ஃபோ’ என்ற கட்டளையை ஒரு பக்கத்தில் போட்டு உலாவியில் திறந்தால் எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்பட்டது என்று முழுப் பாதையோடு சொல்லும். வீட்டிலும் சர்வரிலும் இதைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் கண்டுபிடிக்கும் மிகச் சுருக்கமான வழி. பார்த்த கையோடு அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டும். சர்வரைப் பற்றி அது சொல்லாத ரகசியம் இல்லை.

சேலைப் படங்களை ஏற்றும்போது வந்த 413 என்ற பிழையையும், அதாவது ‘அனுப்புவது அளவில் மிகப் பெரிது’ என்பதையும், அதில்தான் பாதி பிடித்தோம். படம் ஒன்றுக்கு நான்கு எம்பி. அது மூன்று வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. எஞ்சின்எக்ஸ் எதுவும் சொல்லாவிட்டால் 1 எம்பிக்கு மேல் விடாது. அதைத் தாண்டினால் பிஎச்பியில் படிவம் முழுவதற்கும் 8 எம்பி, ஒரு கோப்புக்கு 2 எம்பி. எக்ஸாம்ப்பில் இவை தாராளமாக வைக்கப்பட்டிருப்பதால் வீட்டில் தெரியவில்லை. முதல் வாசலை மட்டும் அகலமாக்கிவிட்டு மறுபடி தடுக்கி விழுவது வாடிக்கை. மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாக: எக்ஸாம்ப்பில் ‘ரூட்’ என்ற பயனர், கடவுச்சொல் வெறுமை. அதை நிரலுக்குள் எழுதிவைத்தால் சர்வரில் நிச்சயம் ஓடாது, ஓடவும் கூடாது. இடத்துக்கு இடம் மாறுகிறவற்றை எல்லாம் தனிக் கோப்பில் வைத்து, வீட்டுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று எழுதிக்கொள்ள வேண்டும். டாக்கர் போன்ற கருவிகள் 2013 முதல் இருக்கின்றன. அமைப்பையும் சேர்த்தே பொட்டலம் கட்டி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓட்டலாம். நல்ல கருவிதான். ஆனால் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கும் என்று ஒரு முறை கையால் தேடிப் பார்த்த பிறகு அதற்குப் போவதே நல்லது என்பது என் கட்சி.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அத்தானிடமிருந்து மறுபடி போன். இந்த முறை அவர் பிடித்தது பையனும் நானும் தவறவிட்ட ஒன்று. ஓர் ஆர்டர் மூன்றாம் தேதி விடிகாலை நான்கு மணிக்கு வந்திருக்கிறது. போனில் மணி அடித்து அவரே எழுந்து பார்த்திருக்கிறார். தளத்தில் அது இரண்டாம் தேதி இரவு பத்தரை என்று பதிவாகியிருந்தது. நாள்வழியில் எந்தத் தேதியில் எழுதுவது என்பது அவருடைய கேள்வி.

சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். வீட்டில் இது ஏன் தெரியவில்லை என்று மடிக்கணினியைத் திறந்து பார்த்தால் அங்கே இன்னொரு வேடிக்கை. எக்ஸாம்ப்பின் பிஎச்பி அமைப்பில் நேர மண்டலம் ‘பெர்லின்’ என்று இருந்தது. அந்தத் தொகுப்பு ஜெர்மனியில் பிறந்தது. இத்தனை நாளும் பையன் மதுரையில் உட்கார்ந்துகொண்டு பெர்லின் நேரத்தில் சேலை விற்றுப் பார்த்திருக்கிறான். சோதனை ஆர்டரில் மணியை எவர் பார்ப்பார்?

பிஎச்பியில் ‘ஏசியா கொல்கத்தா’ என்று மாற்றினோம், தரவுத்தள இணைப்பிலும் ஐந்தரை மணி நேரத்தைச் சொல்லிவைத்தோம். அந்த ஒரு வாரத்து ஆர்டர்களை அத்தான் பேனாவை எடுத்துத் தானே திருத்திக்கொண்டார்.